மைனஸ் 30-இல் வில் வேலை செய்யுமா?

கேட்டவர் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகரில் இருக்கிறார். செப்டம்பரில், எல்க் (பெரிய வகை மான்) கூவும் பருவத்தில், அம்பு விடும் தூரத்துக்கு ஒன்றும் வரவில்லை. டேக், அதாவது வேட்டைக்கான அனுமதிச்சீட்டு, இன்னும் கையில் இருக்கிறது. நவம்பர் கடைசியில் ராக்கி மலையடிவாரத்துக்கு மறுபடி போகலாம் என்று நினைக்கிறார். அந்த வாரம் விடியற்காலையில் மைனஸ் 30 வரை இறங்கும் என்கிறது வானிலை அறிக்கை. கையில் இருப்பது 70 பவுண்டு இழுவிசையுள்ள காம்பவுண்ட் வில், அதாவது முனைகளில் கேம் என்ற சக்கரங்கள் வைத்த வில். அந்தக் குளிரில் லிம்ப் (வில்லின் வளையும் கை) உடைந்துவிடுமா, நாண் அறுந்துவிடுமா, எங்காவது எண்ணெய் போட்டுக்கொள்ள வேண்டுமா என்பது அவர் கேள்வி.

நல்ல நிலையில் உள்ள வில் என்றால் லிம்ப் உடையாது, நாணும் அறாது. எண்ணெய் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். வில்லைக் கெடுப்பது தண்ணீர்தான், குளிர் வெறும் துணைக்கு வருகிறது. வில் உலர்ந்திருந்து, குளிர்ந்தபடியே இருந்தால் மைனஸ் 30-இலும் சத்தம் போடாமல் வேலை செய்யும். ஈரத்தோடு இருந்தால் மைனஸ் 5-லேயே கழுத்தை அறுக்கும்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். லிம்ப் என்பது கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்தது. குளிரில் கொஞ்சம் விறைக்கும், இழுக்கும்போது சற்றுக் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். நடுவில் கையால் பிடிக்கும் ரைசர் அலுமினியம், 50 டிகிரி இறங்கினால் 60 சென்டிமீட்டர் நீள ரைசர் முக்கால் மில்லிமீட்டர்கூடச் சுருங்காது. நாண் விஷயம் வேடிக்கையானது. இன்றைய நாண்களில் பெரும்பங்கு டைனீமா போன்ற பாலிஎதிலீன் இழை. அது குளிரில் சுருங்காது, இம்மியளவு நீளும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுவைப்பதுதான் அதற்கு உண்மையான எதிரி. சூட்டில், இழுவிசையோடு, அந்த இழை மெல்ல மெல்ல நிரந்தரமாக நீண்டுபோகும். ஆகவே ஜூலை மாதத்துக்குப் பயப்படுங்கள், நவம்பருக்கு வேண்டாம். ஒரே நிபந்தனை: லிம்பில் ஏற்கெனவே கீறலோ வெடிப்போ இருக்கக் கூடாது. பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்து லிம்பின் ஓரங்களில் தேய்த்துப் பாருங்கள். எங்காவது இழை பிடித்து இழுத்தால் அந்த வில்லைக் கடைக்குக் கொண்டுபோங்கள், காட்டுக்கு வேண்டாம்.

மர வில் வைத்திருப்பவர்கள் கதை வேறு. மரம் குளிரில் உண்மையாகவே நொறுங்கும் தன்மைக்கு வரும். ஆர்க்டிக்கில் இனுயிட் மக்களுக்குக் கிடைத்ததோ கடல் ஒதுக்கிய கட்டைதான். அதை மட்டும் வளைத்தால் முறிந்துவிடும். கரிபூ மானின் தசைநாரைப் பின்னி, கயிறாக வில்லின் முதுகோடு கட்டினார்கள். இழுக்கும்போது வரும் இழுவிசையை அந்தக் கயிறு வாங்கிக்கொள்ளும், மரம் பிழைக்கும். குளிரில் வில் செய்வது பற்றி இதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

உடையக்கூடியவை எல்லாம் பிளாஸ்டிக்கும் ரப்பரும். அம்பின் 'நாக்' (nock) என்ற பாகத்தில் இருந்து தொடங்குங்கள். அம்பின் வாலில் நாணைக் கவ்வும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு இருந்தால், நாணை விடும்போது அது பிளந்து, அம்பு இல்லாமலே வில்லை விட்டது மாதிரி ஆகிவிடும். கேம் வளையும், நாண் கழலும், பக்கத்தில் உங்கள் முகம் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் எல்லா அம்புக்கும் புது நாக் போட்டுவிடுங்கள், மலிவான சமாசாரம். பீப் (குறி பார்க்க நாணில் பொருத்திய துளை வளையம்) திரும்ப ரப்பர் குழாய் வைத்த பழைய மாடல் என்றால் மாற்றிவிடுங்கள், அந்தக் குழாய் குளிரில் அறுந்து கண்ணில் அடிக்கும். ரப்பர் வளையத்தில் நிற்கும், பட்டதும் அலகு விரியும் மெக்கானிக்கல் பிராட்ஹெட்டும் (அம்பின் வேட்டை முனை) வேண்டாம். வளையம் இறுகி வெடித்தால் அலகுகள் பறக்கும்போதே விரியும்; அலகின் இடுக்கில் பனி உறைந்தால் விரியவே விரியாது. நிலையான அலகுள்ள முனையே போதும். முனையைப் பிடிக்கும் இன்செர்ட்டைச் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தால் அதையும் எபாக்ஸிக்கு மாற்றுங்கள். சூட்டுப் பசை கடுங்குளிரில் பிடியை விட்டுவிடும். இலக்கில் பாய்ந்த அம்பை இழுத்தால் முனை அங்கேயே தங்கிவிடும். வேன்கள், அதாவது அம்பின் வாலில் உள்ள பிளாஸ்டிக் துடுப்புகள், விறைத்திருந்தாலும் அம்பு பறக்கும். இறகு வைத்தவர்கள்தான் ஈரப்பனியில் நனைந்து படிந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எண்ணெய். நமக்கெல்லாம் ஒரு பழக்கம்: சீசன் முடிந்ததும் கேம் அச்சுக்கு, போல்ட்டுக்கு, ரிலீசுக்கு (நாணைப் பிடித்திருந்து, விசையை அழுத்தினால் விடும் கருவி) ஒரு சொட்டு விட்டு வைப்போம். சாதாரண எண்ணெயும் கிரீஸும் மைனஸ் 25-இல் தேன் பதத்துக்கு வந்துவிடும். அதிகம் மாட்டிக்கொள்வது ரிலீஸ்தான். அதற்குள் இருக்கும் கொக்கியும் ஸ்பிரிங்கும் சின்னஞ்சிறியவை. கெட்டியான எண்ணெயை வெல்லும் வலு அவற்றுக்குக் கிடையாது. விசையை அழுத்தினால் கொக்கி அசையாமல் நிற்கும், அல்லது மூடாமல் பாதியில் நிற்கும். பாதி மூடிய கொக்கியோடு 70 பவுண்டை இழுப்பது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். ரிலீசை லைட்டர் திரவத்திலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ ஊறவைத்து, ஆட்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கிராஃபைட் தூளோ உலர் டெஃப்லான் தூவலோ துளி போடுங்கள். ஒன்றும் போடாவிட்டாலும் ஒரு சீசன் ஓடும். கேம்களில் மூடிய பேரிங் இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். நாண் மெழுகு வீட்டிலேயே, வெதுவெதுப்பில், விரலால் தேய்த்து இழைக்குள் இறங்கும்படி பூசுங்கள். மேலே திட்டாக நிற்பதை வழித்துவிடுங்கள். திட்டு மெழுகில்தான் பனித்தூள் ஒட்டும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 20-இல் தாங்குவது ஒரு கிராம் அளவுதான். வெளியே இரவு முழுக்கக் கிடந்த வில்லை ஹீட்டர் ஓடும் வண்டிக்குள் எடுத்துவந்தால், குளிர்பெட்டியில் இருந்து எடுத்த சில்வர் டம்ளர் வேர்ப்பது போல வில் முழுக்க வேர்க்கும். கேம் இடுக்கு, அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டின் ஸ்பிரிங், பீப் துளை, நாணின் இழைகளுக்குள் என எல்லா இடத்திலும் நீர். அரை மணி நேரம் கழித்து வில்லோடு வெளியே இறங்குகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் அத்தனையும் பனிக்கட்டி. வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, இழுத்தால்தான் தெரியும்.

ஒரு டிசம்பரில் என்னோடு வந்தவருக்கு இப்படித்தான் ஆனது. போகும் வழியில் வில்லைப் பின் இருக்கையில், ஹீட்டர் காற்று படும்படி போட்டிருந்தார். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டை எல்க் 25 மீட்டரில் பக்கவாட்டில் வந்து நின்றது. இழுத்தார். டிராப்-அவே ரெஸ்ட்டின் கை மேலே எழும்பி அம்பைத் தாங்கியது, அதுவரை சரி. விட்டதும் அந்தக் கை கீழே விழவில்லை, அச்சில் பனி பிடித்திருந்தது. வேன் அதில் இடித்து, அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போய் எல்க்குக்கு ஒரு முழம் பின்னால் பனியில் செருகிக்கொண்டது. நல்லவேளை, முழுத் தவறு. வயிற்றில் பட்டிருந்தால் அன்று முழுக்கத் தேடி அலைந்திருப்போம். அப்புறம் ரெஸ்ட்டை விரலால் தள்ளிப் பார்த்தோம். 'டக்' என்று பனி உடைந்து விழுந்த பிறகு ஒழுங்காக வேலை செய்தது.

ஆகவே வில் வெளியில்தான் தூங்க வேண்டும். பிக்கப்பின் பின்தட்டில், மூடிய பெட்டிக்குள், பூட்டி வைத்துவிடுங்கள். கூடாரத்தில் அடுப்பு எரிகிறது என்றால் வில்லுக்கு அங்கே இடமில்லை. அம்புகளும் அப்படியே. அம்புகளை வைக்கும் குவிவரின் நுரைக்குள் ஈரம் இருந்தால் பிராட்ஹெட் அதிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் இழுத்தால் நுரையோடு வரும். கட்டாயம் உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால், வெளியிலேயே பெட்டிக்குள் வைத்து மூடி, மூடியபடி உள்ளே கொண்டுவந்து, வில் அறைச் சூட்டுக்கு வரும்வரை பல மணி நேரம் திறக்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் வறண்ட காற்று வில்லைக் காப்பாற்றும்.

இன்னொன்று, கால்கரிப் பக்கம் இருப்பதால் மலையில் இருந்து இறங்கும் வெப்பமான சினூக் காற்று பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏறும், மாலையில் மறுபடி விழும். வில்லுக்கு மோசமான நாள் அதுதான். மைனஸ் 30-இல் விழும் பனி மாவு மாதிரி உலர்ந்தது, ஊதினால் பறந்துவிடும். சினூக் அடிக்கும்போது அது வில்லின் மேலேயே உருகி, இடுக்கெல்லாம் புகுந்து, இருட்டும் நேரத்தில் கட்டியாகும். அந்த மாதிரி நாளில் அடிக்கடி வில்லை உதறி, உலர்ந்த துணியால் துடைத்து, ரெஸ்ட்டை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள். பிஸ்கட் வகை ரெஸ்ட் பயன்படுத்துகிறவர்கள் தூரிகை மயிர்களுக்கு நடுவே பனி அடையாமல் பார்க்க வேண்டும்.

உங்கள் மூச்சும் தண்ணீர்தான். முழு இழுப்பில் நிற்கும்போது பீப் உங்கள் கண்ணுக்கு எதிரில் இருக்கிறது. ஒரு நீண்ட பெருமூச்சு போதும், துளையில் வெண்படலம் படியும். வில்லில் பொருத்திய குறிகாட்டியான சைட்டில் லென்ஸ் இருந்தால் அதிலும். பெரிய துளையுள்ள பீப் போடுங்கள், லென்ஸைக் கழற்றிவிடுங்கள், மூச்சை வாயோரமாகக் கீழே விடப் பழகுங்கள். மூக்கை மூடும் துணி மூச்சை மேலே, நேராகக் கண்ணுக்குத் திருப்பிவிடும். அதனால் முகமூடியின் வாய்ப்பகுதியில் துளை இருக்கட்டும்.

இழுவிசைக்கு வருகிறேன். 70-ஐ 60-க்கு இறக்குங்கள். செப்டம்பரில் சட்டையோடு 70 இழுப்பது வேறு. இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து விறைத்த தோளோடு, நான்கு அடுக்கு உடுப்புக்குள் இருந்து இழுப்பது வேறு. குளிர்ந்த தசைக்கு வலு குறைவு. இழுக்க முடியாமல் வில்லை வானத்துக்குத் தூக்கித் திணறினால் மலைச்சரிவில் இருக்கும் ஒவ்வொரு எல்க்கும் பார்க்கும். ஆல்பர்ட்டா சட்டப்படி குறைந்தபட்சம் 40 பவுண்டு, பிராட்ஹெட் அகலம் 22 மில்லிமீட்டர். கூரான நிலையான அலகோடு 30 கிராம் எடையுள்ள அம்பை 60 பவுண்டில் விட்டால் பக்கவாட்டில் நிற்கும் எல்க்குக்குத் தாராளம். இரண்டு லிம்ப் போல்ட்டையும் ஒரே அளவு சுற்றுத் தளர்த்துங்கள், தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டாதீர்கள், பிறகு சைட்டை மறுபடி சரிபாருங்கள். குளிர்காற்று அடர்த்தியானது, மைனஸ் 30-இல் கோடையைவிடக் கிட்டத்தட்ட 20 சதவீதம் அதிகம். அதனால் அம்பு கீழே இறங்கிவிடும் என்று சிலர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். 30 மீட்டரில் அது சில மில்லிமீட்டர். உங்கள் ஜாக்கெட் கை நாணில் உரசினால் போகும் தூரம் அதைப்போலப் பல மடங்கு.

அதனால் பயிற்சி செய்யும்போது காட்டில் போடப்போகும் அத்தனை உடுப்பையும் போட்டுக்கொண்டே செய்யுங்கள். வில் பிடிக்கும் கையின் சட்டையை இறுக்கிக் கட்ட நீளமான ஆர்ம்கார்டு வேண்டும். கன்னத்தில் துணி வந்தால் கை நிற்கும் இடம் மாறும், அம்பு போகும் இடமும் மாறும். தடித்த கையுறையோடு ரிலீஸ் விசையைத் தொடவே தொடாதீர்கள், எப்போது அழுத்துகிறீர்கள் என்றே தெரியாது. மெல்லிய மெரினோ கையுறை மட்டும் போட்டு, இடுப்பில் கட்டும் மஃப்புக்குள் (இரு கையையும் நுழைக்கும் உறை) சூட்டுப்பையோடு கைகளை வைத்திருப்பதுதான் வழி. ரைசரின் கைப்பிடியில் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றிவிட்டால் அலுமினியம் உள்ளங்கைச் சூட்டை உறிஞ்சாது. மேலுடுப்பு கம்பளியோ ஃப்ளீஸோ இருக்கட்டும். நைலான் இந்தக் குளிரில் காகிதம் மாதிரி சலசலக்கும். காட்டன் உள்ளாடை வேண்டவே வேண்டாம். ஏறும்போது ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு, குளிர்கிறதே என்று முனகிக்கொண்டு, மெதுவாக ஏறுங்கள். வியர்த்தால் உட்காரும்போது மாட்டிக்கொள்வீர்கள். மைனஸ் 25-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 39 மாதிரி. வில்லுக்கு அது மைனஸ் 25 மட்டும்தான். காற்றின் குளிர் உயிருள்ள உடம்புக்குத்தான். மூக்கு நுனியோ காதோ வெளுத்து மரத்துப்போனால் பனியால் தேய்க்காதீர்கள், வெறும் உள்ளங்கையால் மூடுங்கள்.

பேட்டரி: சாதாரண ஆல்கலைன் செல் மைனஸ் 20 பக்கம் கைவிடும், லித்தியம் போடுங்கள். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரைச் சட்டைக்குள் வைத்திருங்கள். பனி பொழியும்போது அது பனித்தூளின் தூரத்தைக் காட்டும். உட்கார்ந்ததுமே சுற்றியுள்ள மரம், பாறை, வேலிக்கம்பத்தின் தூரங்களை எடுத்து மனதில் வைத்துக்கொண்டால் அப்புறம் அதைத் தொடவே வேண்டியிருக்காது.

எல்க் எங்கே இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வில்லோடு தொடர்புள்ள விஷயம் அது. நவம்பர் கடைசியில் அவை உயரத்தில் இருந்து இறங்கி, வெயில் படும் தெற்குச் சரிவுகளிலும் காற்று பனியைத் துடைத்துவிட்ட முகடுகளிலும் கூட்டமாக நிற்கும். பக்கத்தில் வைக்கோல் வயல் இருந்தால் இன்னும் வசதி. செப்டம்பரில் செய்தது மாதிரி நடந்து நெருங்க முடியாது. கடுங்குளிர்ப் பனி காலடியில் கிறீச்சிடும், அசையாத காற்றில் அது வெகுதூரம் போகும், கேட்பதற்கு ஐம்பது ஜோடிக் காதுகள் இருக்கும். படுக்கும் இடத்துக்கும் மேயும் இடத்துக்கும் நடுவே உள்ள தடத்தில், நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, காத்திருப்பதே நடக்கிற காரியம். உட்காரும் இடத்தில் பனியை மண் தெரியும்வரை வழித்துவிடுங்கள், கால் மாற்றும்போது சத்தம் வராது. சுற்றிலும் ஒன்றும் இல்லை என்று உறுதியான நேரத்தில், அம்பைப் பூட்டி, பாதுகாப்பான திசையில், மெதுவாக ஒருமுறை இழுத்து மெதுவாகத் திரும்ப விடுங்கள். தோளும் இளகும், ரெஸ்ட் கை எழுந்து விழுகிறதா, கேம் முனகுகிறதா, பீப்பில் பனி இருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை இதைச் செய்வேன்.

தூரத்தை 30 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தை அம்பு கடக்க மூன்றில் ஒரு வினாடிக்கு மேல் ஆகும். வில்லின் சத்தம் பத்தில் ஒரு வினாடியில் போய்விடும். குளிர்காலக் கூட்டம் ஏற்கெனவே வெடித்து ஓடத் தயாராகத்தான் நிற்கும்.

எல்க் விழுந்த பிறகு, இவ்வளவு குளிரில் இறைச்சி கெடாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வளர்ந்த கிடா 300 கிலோ இருக்கும். குளிர்கால மயிர் அந்தச் சூட்டை அப்படியே பூட்டி வைக்கும். தோலோடு இரவு முழுக்கப் போட்டால் இடுப்பு மூட்டைச் சுற்றி இறைச்சி புளித்துவிடும், வெளியே மைனஸ் 30 ஆக இருந்தாலும். உடனே வயிற்றைத் திறந்து, சூடு இருக்கும்போதே தோலை உரித்துவிடுங்கள். உறைந்த தோல் உரியாது. அதற்குப் பிறகு நேர் எதிரான தொல்லை: உரித்த தொடை விறைப்பு அடங்குவதற்குள் கல்லாக உறைந்துபோனால் இறைச்சி ரப்பராகிவிடும். துணிப்பையில் போட்டு, உரித்த தோலையே மேலே போர்த்தி, மெதுவாகக் குளிரவிட்டு, வீட்டில் கராஜ் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தால் அங்கே தொங்கவிடுங்கள். பின்தொடை ஒன்று எலும்போடு 30 கிலோ அளவில் வரும். முதுகில் சுமக்க வேண்டாம், பனி இருப்பதால் சறுக்குத்தட்டில் இழுக்கலாம். குழந்தைகள் விளையாடும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு மட்டும் வேண்டாம். அந்தக் குளிரில் முதல் கல்லிலேயே இரண்டாகப் பிளக்கும். தடித்த பாலிஎதிலீன் தட்டாக, நல்ல கயிறோடு வாங்கிக்கொள்ளுங்கள்.